வகுப்பறைக்குள் கட்டியக்காரன்: கலைவழிக் கல்வி பற்றிச் சில குறிப்புகள்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் பார்த்தது இது. பிள்ளைகள் சினிமா மெட்டில் வாய்ப்பாடு பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், கூத்தில் மிருதங்கம் வாசிப்பவரின் மகன், ஒரு கையால் மூன்று மூன்றாகவும் மறு கையால் நான்கு நான்காகவும் தட்டிக்கொண்டிருந்தான். 'கைய வச்சிக்கிட்டு சும்மா இருடா' என்றார் ஆசிரியர். கரும்பலகையில் இருந்த கணக்கு: 3, 4 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு என்ன? பையனின் இரண்டு கைகளும் பன்னிரண்டாவது தட்டில் ஒன்றுசேர்ந்துகொண்டேதான் இருந்தன.

கலைவழிக் கல்வி என்ற சொல்லாடலின் சிக்கல் முழுவதும் இங்கே இருக்கிறது. 2005இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் கலைகளைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை கலையை எல்லாப் பாடங்களோடும் இணைக்கச் சொல்கிறது. தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் கலைத் திருவிழாவையும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் கலை இங்கெல்லாம் பெரும்பாலும் ஒன்று, கசப்பு மருந்துக்குத் தடவிய தேன்; இல்லாவிட்டால் பரிசுக்கான போட்டி. வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடினால் அது மனப்பாடம்தான். தாளத்துக்குள் இருக்கும் கணக்கைக் கண்டுபிடிப்பதுதான் கல்வி.

சரி, அப்படியானால் அந்தப் பையனிடம் மிருதங்கத்தைக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் நாம் உஷாராக இருக்க வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954இல் அது கைவிடப்பட்டது. 'மண்ணின் கலை' என்கிற பெயரில் அதே சங்கதி கொல்லைப்புற வழியாக வரக்கூடாது. தலித் இயக்கங்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததும், அதே பறையை விடுதலையின் கலையாக மேடையேற்றியதும் முரண்பாடல்ல. யார் கையில், யார் உத்தரவில் என்பதே கேள்வி. கூத்தாடி மகனுக்கு மிருதங்கம், குமாஸ்தா மகனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அது குலக்கல்விதான். மிருதங்கம் எல்லார் கைக்கும் போக வேண்டும், கம்ப்யூட்டரும்தான்.

நான் கூத்திலிருந்து வகுப்பறைக்கு எடுத்துவர விரும்புவது அடவையோ வேஷத்தையோ அல்ல, கட்டியக்காரனை. திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் ராஜாவையே 'யாருய்யா நீ?' என்று கேட்கிறவன் அவன். கல்வராயன் மலை ஜாகிர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். சமூக அறிவியல் வகுப்பில் ஒரு பெண் ஜாகிர்தாராக வேஷம் கட்டட்டும். இன்னொருத்தி கட்டியக்காரனாக நின்று, 'மலை உனக்கு எப்படிய்யா சொந்தமாச்சு?' என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி பாடப்புத்தகத்தின் பக்கமும் ஆசிரியரின் பக்கமும் திரும்பும். அதற்கு இடம் கொடுக்காத கலைவழிக் கல்வி ஆண்டுவிழாவுக்கு மட்டும்தான் உதவும்.

அந்தப் பையன் இப்போது சும்மா இருக்கக் கற்றுக்கொண்டிருப்பான்.