கல்லில் ஒரு கண்

மலருக்குத் திருக்குறள் பற்றி எழுதச் சொன்னார்கள். அதைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவன் நான். வியாபாரிகள் கட்டிய ஒரு மாளிகையைப் பற்றிச் சொல்கிறேன்.

டச்சுக்காரர் ஸ்பெயின் அரசனோடு எண்பது வருஷம் மல்லுக்கட்டி, 1648இல் தனி நாடாக ஏற்கப்பட்டார்கள். அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகர மாளிகை வேலை தொடங்கியது. அரசன் இல்லாத ஊரில் அதிகாரத்துக்கு எந்த முகத்தைக் காட்டுவது? பழைய கிரேக்க, ரோமானிய முகத்தைக் கடன் வாங்கினார்கள். சிற்பி ஆர்ட்டஸ் குவெல்லினஸ் ரோமில் தொழில் பழகியவர்.

மரண தண்டனை அறிவிக்கும் மண்டபத்தில் அவர் செதுக்கிய சலவைக்கல் காட்சி ஒன்று. சலியூக்கஸ் என்ற கிரேக்கர், பிறன்மனை நாடியவனுக்கு இரு கண்ணும் போகும் என்று சட்டம் செய்தார். அகப்பட்டவன் சொந்த மகன். அவன் கண் ஒன்று, தன் கண் ஒன்று கொடுத்துச் சட்டத்தைக் காப்பாற்றினார். தீர்ப்புச் சொல்கிறவன் முதலில் தான் கட்டுப்பட வேணும் என்பது பாடம்.

திவாலானவர் கணக்கைப் பார்க்கும் அறை வாசலில், மெழுகுச் சிறகு உருகி இக்காரஸ் விழுகிறான். கூடவே காலிப் பெட்டிகள், கட்டாத பில்கள், கொறிக்கும் எலிகள். கடன் கொடுத்துக் கைசுட்ட எனக்கு இதற்கு உரை தேவைப்படவில்லை.

1656இல் அந்த அலுவலகம் ஓவியர் ரெம்பிராண்டின் வீட்டுச் சாமான்களைப் பட்டியலிட்டது. ரோமச் சக்கரவர்த்திகளின் தலைச்சிலைகளும் அதில் இருந்தன. பின்னாளில் மாளிகைக்கு அவரிடமே ஒரு படம் கேட்டார்கள்: ரோமை எதிர்த்த பட்டேவியர் தலைவன் கிளாடியஸ் சிவிலிஸ். அவன் ஒற்றைக்கண்ணன். மற்றவர்கள் பக்கவாட்டில் வரைந்து குறையை மறைப்பார்கள். இவர் நேருக்கு நேர் காட்டினார். மாட்டிய படம் 1662க்குள் இறக்கப்பட்டது. வெட்டிக் குறைத்த மிச்சம் இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

என் குறை இதுதான். தலைவன் இழந்த கண், பழஞ்சிலையின் அழகோடு கல்லில் வந்தபோது சுவரில் இடம் கிடைத்தது. ரத்தமும் சதையுமாக வந்தபோது கிடைக்கவில்லை. கடன் வாங்கிய முகம் அதிகாரத்துக்கு நிதானம் கொடுத்தது. தன் குறையைத் தானே பார்க்கும் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

1808இல் லூயி நெப்போலியன் அந்த மாளிகையை அரண்மனையாக்கிக்கொண்டார். அரசன் வேண்டாம் என்றவர்கள் கட்டிய வீட்டில் அரசன் குடியேறினான்!

நம் பிள்ளைகள் வேலை நிமித்தம் அந்த ஊருக்குப் போகிறார்கள். போனால் அந்த வாசலில் கொஞ்சம் நின்று எலிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.