‘உங்களால் இயலுமா?’ – டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள்

எழுத்தறியாத மக்களுக்குக் கோவில் ஓவியங்களே நூல்களாகப் பயன்படுகின்றன என்று ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த திருத்தந்தை புனித கிரகோரியார் கருதினார். அக்கருத்து உண்மையாயின், அதன் மறுபக்கமும் உண்மையே. பிழையாக எழுதப்பட்ட நூல் பிழையான பாடத்தையே கற்பிக்கும். கிறிஸ்துவை என்றும் வெண்ணிறத்தவராகவும், பொன்முடியினராகவும், உழைப்பின் சுவடே படாத கைகளுடையவராகவும் கண்டு வளரும் குழந்தை, இறைவன் தன் தெருவைச் சேர்ந்தவரல்லர் என்று ஒரு சொல்லும் கேளாமலே கற்றுக்கொள்கிறது. இதனை உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே வேறொரு பாடத்தைச் சுவரில் தீட்டியவர் இலங்கை ஓவியரும் ஓவிய ஆசிரியருமான டேவிட் பெயின்டர் (1900–1975).

அவர் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆர்னால்டு பெயின்டர் ஆங்கிலேயர். தாய் அனகி வீரசூரிய சிங்களப் பெண்மணி. இருவரும் மறைபரப்புப் பணியாளர்கள். நம் வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்று அழைப்பதை நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் அத்தகைய ஊர்களில் பிறக்கும் பிள்ளை, கடமை என்பது வீட்டைவிடப் பெரிது என்பதை மழலைப் பருவத்திலேயே கற்றுவிடுகிறது. மறைபரப்பாளர் குடும்பமும் ஒரு வகையில் படைவீரர் குடும்பமே. திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகையில் நல்ல போர்வீரனைச் சான்றாகக் காட்டியது காரணமின்றியன்று. பெயின்டரின் பெற்றோர் நுவரெலியாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தினர். பணிவிடை என்பது நூலில் படித்த அறமாக அன்றி, அன்றாடம் கண்ட வீட்டு வேலையாகவே அவருக்கு அறிமுகமாயிற்று.

உதகமண்டலத்துப் பிரீக்ஸ் பள்ளியிலும் கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், உதவித்தொகை பெற்று இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளிக்குச் சென்றார். பின்னர் இத்தாலியிலும் பயின்றார். தாயகம் திரும்பி ஓவியம் கற்பித்தார். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். எனினும் அவர் நடத்திய மிகச் சிறந்த வகுப்பு கண்டிக் கல்லூரியின் சிற்றாலயச் சுவர்களிலேயே நடைபெறுகிறது என்பது நம் கருத்து.

கண்டி மன்னர்களின் மண்டபங்களைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களுடன் எழுப்பப்பட்டது அவ்வாலயம். 1923-இல் பணி தொடங்கி 1935-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதில் பெயின்டர் தீட்டியவை நான்கு: செபதேயுவின் மக்களுக்காகத் தாய் விண்ணப்பிக்கும் காட்சி, சீடரின் பாதங்களை ஆண்டவர் கழுவுதல், நல்ல சமாரியர், சிலுவைப்பாடு. முதலாவது 1928-இலும், சிலுவைப்பாடு 1933-இலும் தீட்டப்பட்டன.

இந்நான்கையும் தனித்தனியே வியப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். நாம் அவற்றை ஒரே பாடத்தின் நான்கு பகுதிகளாகக் காண விரும்புகிறோம். முதல் ஓவியம் ஒரு வினா. தன் மக்கள் இருவரும் அரியணையின் வலமும் இடமும் அமர வேண்டும் என்று தாய் கேட்கிறார். ஆண்டவரோ, தாம் பருகப்போகும் கிண்ணத்தைப் பருக உங்களால் இயலுமா என்று வினவுகிறார். ஏனைய மூன்றும் அந்த வினாவுக்கு விடைகள். கிண்ணத்தைப் பருகுதல் என்பது துண்டை இடையில் கட்டிக்கொண்டு குனிதல். வழியில் அடிபட்டுக் கிடக்கும் அயலானின் காயத்தில் எண்ணெய் வார்த்தல். இறுதியில் சிலுவையில் தன்னையே கையளித்தல். நான்கிலும் அரியணை எங்கும் இல்லை.

இப்பாடம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கல்லூரி நாட்டின் வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற இடம். நாளை பதவியில் அமரப்போகும் சிறுவர்கள் நாள்தோறும் செபிக்கக் கூடும் இடத்தில், வலமும் இடமும் இடம் கேட்ட தாயின் கதையை எழுதி வைத்தது நல்லாசிரியரின் துணிவு. கண்டிப்பும் இல்லை, அறிவுரையும் இல்லை. கண்முன் ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது.

அவ்வோவியங்களின் மாந்தர் மண்ணின் நிறம் உடையவர்கள். சிலுவையில் தொங்கும் கிறிஸ்து தாடியற்ற இளைஞர். இது புதுமை விரும்பியின் விளையாட்டு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயின் உரோமை நிலத்தடிக் கல்லறைகளில் முதற் கிறிஸ்தவர்கள் தீட்டிய நல்லாயனும் தாடியற்ற இளைஞரே. பெயின்டர் மரபை மீறவில்லை. நாம் மறந்த பழைய மரபைத் தம் நாட்டு முகத்தோடு மீட்டார். எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று கொள்ளவில்லை. எல்லா இனங்களின் கலைக்கும் இடமுண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அறிவித்தது. நம் சபையைச் சாராத இவ்வோவியர் அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே அவ்வழியில் நடந்திருக்கிறார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெயின்டரின் உருவங்கள் நம் நாட்டவரின் நிறம் கொண்டவை. கோடுகளோ இலண்டனில் பயின்றவை. ஏறத்தாழ அதே காலத்தில் கோவாவின் ஆஞ்சலோ த பொன்சேகா, சாந்திநிகேதனில் பயின்று, நிறத்தோடு கோட்டையும் இந்திய மரபிலிருந்து பெற்றார். 1943-இல் கொழும்பில் ஜார்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் ‘43 குழு’ அமைத்துப் பழைய கலைக்கழக முறையை உதறியபோது, பெயின்டர் அவ்வணியில் நிற்கவில்லை. மேலும், அவர் தீட்டும் உடல்கள் அழகு மிகுந்தவை. சில வேளைகளில் துன்பத்தையே மறைத்துவிடும் அளவுக்கு அழகு மிகுந்தவை. பார்க்கத் தகுந்த உருவம் அவருக்கில்லை என்று எசாயா பாடும் துன்புறும் ஊழியரை அவ்வழகு முழுமையாகத் தாங்குமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. ஆயினும் உழைக்கும் இனத்தார் என்று இகழப்பட்ட நிறத்துக்கு அழகை உரிமையாக்கியதும் ஒரு நற்செய்தியே. அவமதிக்கப்பட்ட உடலை அழகியது என்று காட்டுவது, காலனி ஆட்சிக் காலத்தில் சிறு செயலன்று.

இவ்வோவியங்களைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதியில் வாழும் நாம் ஏன் எண்ண வேண்டும்? உலகின் பாதங்களுக்குக் காலணி செய்யும் மண் இது. பெரிய வியாழனன்று நாம் கழுவும் பாதங்களுள், தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியருகே ஆண்டுக்கணக்கில் நின்று வெடித்த பாதங்களும் உண்டு. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016-இல் திருச்சபை வழிவகுத்த பின்னர், காலணித் தொழிற்சாலையில் நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் சகோதரிகளின் பாதங்களும் அவற்றோடு சேர்ந்துள்ளன. அவ்வழிபாடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சுவரில் தீட்டப்பட்ட பாதமோ ஆண்டு முழுதும் பேசும்.

பெயின்டர் வழியில் நம் மண்ணுக்கென ஓர் ஓவியம் தீட்ட வேண்டுமாயின், அதற்குரிய காட்சியை விவிலியமே வைத்திருக்கிறது. யோப்பாவில் பேதுரு பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. விலங்கின் பிணத்தைத் தொடும் அத்தொழிலைத் தூய்மையற்றதென யூதர் ஒதுக்கினர். தோலைத் தொடுவோரை நம் சாதியச் சமூகமும் ஒதுக்கியது. அந்த வீட்டின் மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்னும் உண்மை பேதுருவுக்கு வெளிப்பட்டது. அனைத்துலகத் திருச்சபைக்குக் கதவு திறந்தது ஒரு தோல் தொழிலாளியின் வீட்டிலிருந்துதான்.

பள்ளிகளில் ஓவிய வகுப்பைத் தேர்வுக்கு உதவாத பொழுதுபோக்கென எண்ணுவோர் பலர். ஆனால், ஓர் ஓவிய ஆசிரியர் ஒரு தலைமுறையின் கண்ணைத் திருத்த முடியும் என்பதற்குக் கண்டியின் சுவர்கள் சான்று. சீமோனின் வீட்டைத் தீட்டப்போகும் கை, நம் பங்குப் பள்ளியின் கடைசி வரிசையில் இன்று ஒரு குறிப்பேட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அதற்கு ஒரு சுவரைக் கொடுக்க நம்மால் இயலுமா?