முதற்பாடமும் அவதாரிகையும்

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை மாணவர் தம் துறைப்பாடத்தோடு பயிலும் தமிழ், 'பகுதி ஒன்று' எனப்படும். அதன் சமய இலக்கியப் பகுதியில் ஆழ்வார் பாசுரங்கள் சில இடம்பெறுதல் பெருவழக்கு. தருமபுரி மாவட்டத்தை நோக்க, இப்பாடத்தின் பொறுப்பு மிகுதியாகிறது. நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றும் அம்மாவட்டத்தில் இல்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் குடும்பங்கள் அங்கு உள்ளன. சேவாகால கோஷ்டியைக் கேட்டறியாத மாணவன் அருளிச்செயலை முதன்முதல் காண்பது கல்லூரி வகுப்பிலேயே ஆகலாம்.

அவ்வகுப்பில் அவனுக்குக் கிடைப்பது என்ன? பதிகத்தினின்று பிரித்தெடுத்த ஓரிரு பாசுரங்களும், அவற்றின் சொற்பொருளும், 'பக்திச்சுவை மிக்கது' என்னும் பொதுக்குறிப்புமே பெரும்பாலும் கிடைக்கின்றன. சொற்பொருள் வேண்டுவதே, பன்னீராயிரப்படியும் பதவுரையாக எழுந்ததன்றோ? குறை யாதெனின், பாசுரம் யார் வார்த்தை, எந்நிலையில் பிறந்தது என்பதை உணர்த்தும் அவதாரிகை விடப்படுவதாம்.

இக்குறை சிறிதன்று. திருவாய்மொழியில் முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழி தலைமகள் தூதுவிடுவது. இரண்டாம் பத்தின் நான்காவது தாய் வார்த்தை. நான்காம் பத்தின் ஆறாவது தோழி வார்த்தை. தோழி, தாய், மகள் என்னும் மூன்று நிலைகளையும் முறையே சம்பந்தம், உபாயம், பலம் என்பவற்றோடு இயைத்துக் காட்டுகிறது ஆசார்யஹ்ருதயம். தூது செல்லும் பறவைகளை ஆசார்யர்களாகக் கொள்வது பூர்வாசார்யர்களின் ஸ்வாபதேசம். இவை அறியாதவனுக்கு மூன்று பதிகங்களும் ஒரே புலம்பலாகத் தோன்றும்.

அனைத்துச் சமயத்தாரும் பயிலும் வகுப்பில் வியாக்கியானம் புகலாமோ எனின், அதற்கு விடை தகடூரிலேயே உண்டு. ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறநானூற்று 87-ஆம் பாட்டில் அவன் பெயர் இல்லை. பாட்டின் அடியிலுள்ள பழங்குறிப்பே பாடினாரையும் பாடப்பட்டானையும் திணை துறைகளையும் அறிவிக்கிறது. அக்குறிப்பை நீக்கினால், தகடூர் மாணவன் தன் ஊர் மன்னனை அப்பாட்டில் இனங்காண வழியில்லை. அதனைச் சமயச் சார்பென்று எவரும் விலக்கிலர். பாசுரத்திற்கு அவதாரிகை செய்யும் உதவியும் அத்தகையதே. அது சூழலைத் தெரிவிப்பது. கற்பவனிடம் நம்பிக்கையை வேண்டுவதன்று.

மணிப்பிரவாள நடை மாணவர்க்கு எட்டாது என்பது மற்றொரு தடை. சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் 'திருவாய்மொழி ஈட்டின் தமிழாக்கம்' அத்தடையை என்றோ நீக்கியது. பிள்ளானின் ஆறாயிரப்படியை ஆராய்ந்து ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. தமிழறியாதாரும் வியாக்கியானத்தின் வழியே திருவாய்மொழியை அணுக வாய்ப்புப் பெற்றிருக்க, காவிரி தமிழகத்துள் நுழையும் நாட்டு மாணவனுக்கு அவ்வழி காட்டப்படாதது வருந்தத்தக்கது.

வீட்டுமொழி வேறு என்பதும் தடையாகாது. மேல்நாட்டு வேதாந்தியாயிருந்து பட்டரால் திருத்திப் பணிகொள்ளப்பெற்ற நஞ்சீயரே ஒன்பதினாயிரப்படி அருளினார். அதனைப் பட்டோலை கொண்ட நம்பிள்ளை, காவிரியில் ஓலைகளை இழந்து, நினைவினின்று மீண்டும் எழுதினார். எழுதுகையில் புதிய பொருள் நயங்களும் சேர்ந்தன. அவற்றைக் கண்டு ஆசார்யர் உகந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. கேட்டதைத் தன் சொல்லில் எழுதும் பயிற்சிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இன்றைய வினாத்தாள் கேட்பதோ மனப்பாடம்.

பாடத்திட்டத்தைக் கலைத்தமைக்க வேண்டுவதில்லை. பாடமாகும் ஒவ்வொரு பாசுரத்திற்கும் முன் பதிகத்தின் அவதாரிகையும், பேசுவார் யார் என்னும் குறிப்பும் அரைப்பக்கம் அமைந்தால் போதும். அதனை எளிய தமிழில் எழுதித் தருதல் வியாக்கியானம் வல்லார் கடமை. அவர்கள் அதனைச் செய்யாதவரை, பல்கலைக்கழகத்தை மட்டும் குறை கூறுதல் முறையாகாது.