வாக்குப் போடுவோரும் வேலை செய்வோரும்

குண்டசாலையில் ஒரு மாணவர் பழைய மடிக்கணினியில் டெபியன் இயங்குதளத்தை நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023க்கு முந்தைய அதிகாரபூர்வ நிறுவல் கோப்பு என்றால், வைஃபை இயங்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. பல வைஃபை சிப்புகளை இயக்கத் தேவையான உள்மென்பொருளான ஃபர்ம்வேர் கட்டற்ற உரிமத்தில் வராததால் அந்தக் கோப்பில் அதற்கு இடமில்லை. இது தொழில்நுட்பக் கோளாறல்ல, அன்றைய கொள்கை. அதை மாற்றும் அதிகாரம் டெபியனை உருவாக்கும் தொண்டர்களின் வாக்கில் இருந்தது.

1993இல் தொடங்கிய டெபியன், 1997இல் கட்டற்ற மென்பொருள் குறித்த தன் வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தையும் 1998இல் யாப்பையும் ஏற்றது. இத்தகைய அடிப்படை ஆவணங்களைத் திருத்த மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். உறுப்பினர்கள் தெரிவுகளை விருப்ப வரிசையில் இடுவதால், இரு தீவிரங்களுக்கும் நடுவிலுள்ள தீர்வும் வெல்ல முடிகிறது. முடிவைத் திணித்ததாக யாரும் தலைமையைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அதே யாப்பு, எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. கொள்கையை நிறைவேற்றும் கை யாருடையது என்று வாக்குச்சீட்டு கேட்பதில்லை.

இந்தக் குறை 2004 ஏப்ரலில் வெளிப்பட்டது. வெறும் மொழிநடைத் திருத்தம் என்ற தலைப்பில் சமூக ஒப்பந்தத்துக்கு ஒரு மாற்றம் நிறைவேறியது. ஆவணங்களும் ஃபர்ம்வேரும்கூட இனி கட்டற்றவையாக இருக்க வேண்டும் என்று வெளியீட்டுப் பொறுப்பாளர் அதற்குப் பொருள் கொண்டபோது, ஏற்கெனவே தாமதமாகியிருந்த 'சார்ஜ்' பதிப்பு மேலும் தள்ளிப்போகும் நிலை வந்தது. அந்த ஆண்டே இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, மாற்றத்தைச் சார்ஜுக்குப் பிறகு நடைமுறைப்படுத்த முடிவெடுத்தார்கள். சார்ஜ் 2005 ஜூனில் வெளிவந்தது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது; வேலைச்சுமையை மட்டும் யாரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை.

2022இல் நடந்தது வேறு. நிறுவல் கோப்புகளைத் தயாரிக்கும் குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் மெக்கின்டயரே தீர்மானத்தை முன்வைத்தார். அதிகாரபூர்வக் கோப்பில் அப்போது ஃபர்ம்வேர் இருக்கவில்லை. ஃபர்ம்வேர் உள்ள கோப்பையோ அதிகாரபூர்வமற்றதாக ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். இந்த இரட்டை நிலையின் சிரமம் அவருக்கு நேரடியாகத் தெரியும். வென்ற தெரிவு சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, ஒரே நிறுவல் கோப்பில் ஃபர்ம்வேரைச் சேர்க்க அனுமதித்தது. பயனருக்கு அதைத் தெரிவிக்கவும், இயன்றவரை முடக்க வழிவைக்கவும் சொன்னது. 2023 ஜூன் 10இல் வந்த டெபியன் 12 அதன்படியே அமைந்தது. எனினும் இத்தனை ஆண்டுகள் சிரமப்பட்ட பயனருக்கு வாக்கில்லை. உறுப்பினருக்கு மட்டுமே உண்டு.

வாக்கெடுப்பால் பிளவும் தீர்ந்துவிடாது. 2014இல், கணினியைத் தொடக்கும் மென்பொருளாக சிஸ்டம்டியை ஏற்பதா என்ற விவகாரத்தில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிய, குழுத் தலைவரின் வாக்கே முடிவு செய்தது. நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பு, தனித் தீர்மானமே தேவையில்லை என்றது. எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து டெவுவான் என்ற தனி இயங்குதளத்தை உருவாக்கினர்.

வாக்கெடுப்பை விட்டு, செய்பவர் போக்கில் விட்டுவிட்டால் தீருமா? இலங்கையின் சகானாவைப் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பின் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் முன்னெடுப்பில் தொண்டர்கள் எழுதிய பேரிடர் மேலாண்மை மென்பொருள் அது. 2009இல் தனி அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. பிஎச்பியில் எழுதிய பழைய கிளை ஒருபுறம் இருக்க, பைதானில் 'ஈடன்' வளர்ந்தது. எழுத முன்வந்தவருக்கு யாரும் தடையாக நிற்கவில்லை என்பது நல்லதே. ஆனால் சிறிய தொண்டர் கூட்டத்தின் உழைப்பு இரண்டாகப் பங்கு போயிற்று.

ஆகவே வாக்கெடுப்பைக் கைவிடுவது தீர்வல்ல. யார் செய்வார், எந்தப் பதிப்பிலிருந்து நடைமுறைக்கு வரும், யாருக்குச் சிரமம் என்ற மூன்று பதில்களும் இல்லாத தீர்மானத்தை வாக்குக்கு விடக் கூடாது. 2022இல் முதல் கேள்விக்குப் பதில் தற்செயலாக, முன்மொழிந்தவரிடமே இருந்தது. இந்தப் பதில்களைக் கேட்பதை விதியாக்குவதே டெபியன் இன்னும் செய்ய வேண்டிய திருத்தம்.