நீந்தும் மரமீன்

வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை வெட்டி, மேலே இருட்டுக் குடில் நிறுத்தி, ஈட்டியோடு மீனுக்காகக் காத்திருப்பார்கள். இரைதேடும் பெரிய மீனைத் துளைக்கடியில் வரவழைக்க நூலில் இறக்கும் பொய்மீனே மரமீன். இதில் தூண்டில் முள் கிடையாது. ஓஜிப்வே பழங்குடியினரிடம் இக்கலை நெடுங்காலமாக உண்டு. மிச்சிகனின் காடிலாக் ஊரில் வாழ்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) செதுக்கிய மீன்களை இன்று கலைப்பொருளாகச் சேகரிக்கிறார்கள்.

சீடர், பைன் போன்ற மென்மரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உடலைச் செதுக்கி, தகரத்தில் துடுப்புகள் வெட்டிப் பொருத்துவார்கள். வயிற்றைக் குடைந்து, மீன் அமிழும் அளவுக்கு ஈயம் உருக்கி ஊற்றுவது வழக்கம். வாலைச் சற்றே வளைத்துவிட்டால், நூலைச் சுண்டும்போது மீன் வட்டமடித்து நீந்தும். இந்த வளைவில்தான் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்ணம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் குழந்தையோடு செய்யும்போது ஈயம் வேண்டாம். அதன் புகையும் தூளும் நஞ்சு. இரும்புக் குண்டுகளை வைத்துப் பசையால் அடைத்தால் போதும். கத்தியும் தகரமும் பெரியவர் கையில் இருக்கட்டும். உப்புத்தாள் தேய்ப்பது, கண் வரைவது, செதிலுக்குப் புள்ளியிடுவது எல்லாம் குழந்தைக்கு. வண்ணம் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். மீனின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தால் பசையைப் பெயர்த்து எடையைப் பின்னால் நகர்த்தலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் துடுப்பை வளைக்கலாம். எடையும் சமநிலையும் குழந்தைக்குக் கண்ணெதிரே விளங்கும் அருமையான கட்டம் இது. எதைத் திருத்துவது என்று அவசரப்படுத்தாமல் குழந்தையையே கண்டுபிடிக்க விடுவது நல்லது.