தழும்பு மறையாத தொடர்ச்சி

முடிந்த கதையைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்ற ஆவல் பலருக்கும் எழுகிறது. வாசகர் விரும்புகிறார், பதிப்பாளர் கேட்கிறார், எழுத்தாளருக்கும் தாம் படைத்த மாந்தரைப் பிரிய மனம் வருவதில்லை. ஆயினும், முடிந்த ஒன்றைத் தொடரும் உரிமையை அவருக்குத் தருவது எது என்ற வினா எஞ்சியே நிற்கிறது. அறிவியல் புனைகதையில் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. அங்கே இறந்தவரை எழுப்ப ஓர் இயந்திரம் போதும். காலத்தைத் திருப்ப மற்றோர் இயந்திரம் போதும். எல்லாம் இயலும் என்ற உலகில் எதைச் செய்யலாகாது என்று அறிவதே எழுத்தாளரின் அறமாகிறது.

தமிழில் இத்துறையின் முதன்மையான சான்று சுஜாதாவின் இரு நாவல்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த அவர், 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வைத் தொடராக எழுதினார். கதை நிகழும் காலமாக அவர் கற்பித்தது 2020-களின் தொடக்கம். அவ்வாண்டுகள் இன்று நம்மைக் கடந்து சென்றுவிட்டன. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டிய நாடு அது. அங்கே நிலா என்னும் இளம்பெண்ணுக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணையாகிறது. நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளியுரு என்பது பின்னர் வெளிப்படுகிறது.

பொய்த் தலைவன் வீழ்ந்ததும் கதை முடிந்ததாக நாம் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் அவனை வீழ்த்திய ரவியும் மனோவும் அதிகாரத்தைக் கைக்கொள்ள, நிலா பெயரளவில் அரசியாகிறாள். மக்களுக்கு வாக்களிக்கப்பட்ட விடுதலை கிட்டவில்லை. 'மீண்டும் ஜீனோ' எழுதப்படுவதற்கு உரிமை தருவது இந்த நிறைவேறாத கடனே. விறுவிறுப்பை நாடி எழுதப்பட்ட பக்கங்கள் அதில் உண்டு. ஜீனோவின் நகைச்சுவைக்காகவே நிகழ்ச்சிகள் நீளும் இடங்களும் உண்டு. எனினும் அது முதல் நூலின் வெற்றியை நம்ப மறுக்கிறது. அந்த மறுப்பே அதன் சிறப்பு.

இத்தகைய தொடர்ச்சிக்கு மதுரையில் மிகப் பழைய முன்னோடி ஒன்று இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை, சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகவே நம் மரபில் வைத்து எண்ணப்படுகிறது. கோவலனை மதுரை கொன்றது. ஆராயாத ஒரு தீர்ப்பின் வடு அது. சாத்தனார் கோவலனை மீட்டெழுப்பவில்லை. அவன் மகள் மணிமேகலை, தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டுக் கண்ணீர் சிந்த, அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலை நனைகிறது. அங்கிருந்தே அவளுடைய கதை புறப்படுகிறது. முன்பு தென்மதுரையில் ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அளித்த அமுதசுரபி பிற்காலத்தில் அவள் கைக்கு வருகிறது. அவள் பசித்தோருக்கு உணவூட்டுகிறாள். சோழனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அரச நீதியால் தந்தையை இழந்தவள் அரசனின் சிறையையே அன்பின் இல்லமாக்குகிறாள். முதல் காப்பியத்தின் காயத்தை மறைக்காமல், அக்காயத்திலிருந்தே கனி பிறக்கச் செய்வது எத்துணை உயர்ந்த தொடர்ச்சி!

முன்கதை எழுதுவது இதனினும் இடர் மிக்கது. தொடர்ச்சி 'இனி என்ன' என்று கேட்கிறது. முன்கதை 'ஏன்' என்பதற்கு விடை கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு முன்கதை சொல்கிறது. கலிங்க நாட்டில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்த பரதனே மறுபிறவியில் கோவலனாகப் பிறந்தான் என்பது அத்தெய்வத்தின் விளக்கம். ஆனால் இளங்கோவடிகள் அதை வைத்த இடத்தை நாம் நோக்க வேண்டும். பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உரைத்து உயிர்நீத்த பின்னரே விளக்கம் வருகிறது. ஆகவே அது அரசனின் பழியைத் துடைக்கவில்லை. கண்ணகியின் துயரையும் அது ஆற்றவில்லை. அவள் துணையின்றி மேற்கு வாயில் வழியே நகர் நீங்கி, வைகைக் கரையில் நடந்து செல்கிறாள்.

இந்தக் காவல் எல்லா முன்கதைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஐசக் அசிமோவ் 1950-களின் தொடக்கத்தில் நூல்களாக வெளியிட்ட 'பவுண்டேஷன்' வரிசையில், பெருந்திரளான மக்களின் போக்கைக் கணிதத்தால் முன்னறியும் ஹாரி செல்டன் என்னும் அறிஞரைப் படைத்தார். வாசகரும் பதிப்பாளரும் வற்புறுத்தியதால் 1982-இல் அவர் அவ்வரிசைக்குத் திரும்பினார். 1988-இல் செல்டனின் இளமையை முன்கதையாக எழுதினார். அதன்படி, செல்டனுக்குப் பின்னின்று தூண்டியது மனித உருக்கொண்ட ஒரு ரோபோ. புதிர் அவிழ்ந்தது, பல நூல்கள் ஒன்றாய் இணைந்தன. ஆனால் மனிதரின் தேடலாக நாம் போற்றியது மறைவான ஒரு கையின் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. எல்லாவற்றையும் விளக்கும் முன்கதை, விளக்கப்பட்டவரைச் சிறியவராக்கிவிடுகிறது.

இது நூல்களோடு நின்றுவிடும் குறையன்று. மழை பொய்த்துக் கடன்பட்ட உழவரின் திண்ணையிலும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முற்றத்திலும் நாமும் முன்கதை சொல்லிவிடுகிறோம். என்ன பாவமோ, யாருடைய சாபமோ என்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு சீடர்களும் அவ்வாறே கேட்டதை யோவான் நற்செய்தி சொல்கிறது: பாவம் இவருடையதா, பெற்றோருடையதா? ஆண்டவர் அந்த முன்கதையை ஏற்கவில்லை. இனி அவரில் வெளிப்படவிருக்கும் இறைச்செயலைச் சுட்டிக்காட்டினார். முன்கதை தேடியவர்களைத் தொடர்ச்சியின் பக்கம் திருப்பினார்.

அத்தொடர்ச்சியும் பொய்யாகிவிடக் கூடும். எழுத்தில் சுஜாதாவின் பங்கும் இருந்த 'எந்திரன்' திரைப்படம், அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 2010-இல் வெளிவந்தது. அதில் சிட்டி என்னும் ரோபோ, நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது. அப்படத்தின் மிகச் சிறந்த கட்டம் அதுவே. 2018-இல் வந்த '2.0'வில் சிட்டி மீண்டும் பூட்டப்பட்டுப் போருக்கு அனுப்பப்படுகிறது. பறவைகளின் அழிவுக்காக வருந்தும் பக்‌ஷிராஜனின் துயரில் உண்மை உண்டு. ஆனால் சிட்டியின் தியாகமோ கழற்றிப் பூட்டும் வேலையாகக் குறைந்துபோகிறது. திரும்பி வந்த அதனிடம் அந்த இறப்பின் சுவடு ஏதுமில்லை.

உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். சாவை வென்றவர் ஆணிகளின் தழும்புகளை அழித்துவிடவில்லை. அவற்றைக் கண்டே சீடர் அவரை அறிந்துகொண்டனர். ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் ஏற்றப்படும் பாஸ்கா மெழுகுதிரியிலும், அவ்வைந்து காயங்களை நினைவூட்டும் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுகின்றன. ஒளி புதியது, காயங்கள் பழையவை.

அறிவியல் கதைகளை எழுத முனையும் நம் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. தொடர்ச்சி எழுதுங்கள், வேண்டுமாயின் முன்கதையும் எழுதுங்கள். ஆனால் முதல் நூலில் எவர் துன்புற்றாரோ, அவருடைய தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.