சிறிய உயிரும் அதனைச் சுமப்பவரும்: அசைவூட்டப் படத்திலிருந்து இசைநாடகம் வரை ஒரு கருக்கலைப்பு எதிர்ப்பு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

டாக்டர் சூஸ் படைத்த ஹார்ட்டன் என்னும் யானையின் கதைகள் இரண்டும் முதலில் அசைவூட்டப் படங்களாகவும் பின்னர் ‘சூசிகல்’ என்னும் பிராட்வே இசைநாடகமாகவும் வடிவம் பெற்றன. அவற்றுள் ஒன்றை அமெரிக்கக் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தினர் தம் அறநிலைப்பாட்டின் உருவகமாக எடுத்தாண்டு வருகின்றனர். அவ்வாசிப்பு எதனால் வலுப்பெறுகிறது, மேடை வடிவத்தில் எங்கே தடைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்காக, டிஸ்னியின் அசைவூட்டப் படத்திலிருந்து உருவான ‘நோட்ரடாமின் கூனன்’ இசைநாடகமும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிறிய உயிரை மீட்கும் கதைகளில் அவ்வுயிரைச் சுமப்பவர் எவ்வாறு மறைகிறார் என்பதே இக்கட்டுரையின் மையவினா.

திறவுச்சொற்கள்: தழுவல், அசைவூட்டப் படம், இசைநாடகம், கருக்கலைப்பு, உள்ளுறை, கூற்று

முன்னுரை

1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹார்ட்டன் ஒரு ஹூவைக் கேட்கிறது’ என்னும் சிறுவர் நூலின் கதை எளியது. தூசித்துகள் ஒன்றிலிருந்து எழும் மெல்லிய குரலை ஹார்ட்டன் கேட்கிறது. அத்துகளுக்குள் ஹூக்கள் என்னும் நுண்ணுயிர் மாந்தர் ஓர் ஊரே அமைத்து வாழ்கின்றனர். அக்குரலைக் கேட்க இயலாத காட்டு விலங்குகள் யானையை ஏளனம் செய்கின்றன. துகளை அழிக்கவும் முற்படுகின்றன. உருவச் சிறுமை ஆள்தன்மையைக் குறைத்துவிடாது என்னும் கருத்தை யானை மீளமீள வலியுறுத்துகிறது.

இக்கருத்தைக் கூறும் நூலின் வாசகத்தைக் கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள் பதாகைகளிலும் மடல்தாள்களிலும் பொறித்துக்கொண்டன. தியடோர் கெய்செல் (டாக்டர் சூஸ்) வாழ்ந்த காலத்திலேயே அத்தகைய அமைப்பொன்றின் மீது வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தார் என்பதை அவரைப் பற்றி ஆராய்ந்த ஃபிலிப் நெல் எடுத்துரைத்துள்ளார். 2008இல் ப்ளூ ஸ்கை நிறுவனத்தின் அசைவூட்டப் படம் வெளியானபோது, அதன் முதற்காட்சியில் எதிர்ப்பியக்கத்தினர் அதே வாசகத்தை முழங்கினர். ஆகவே இது திறனாய்வாளர் கற்பித்த இணைப்பன்று. பொதுவெளியில் நிகழ்ந்த வாசிப்பு.

இவ்வாசிப்பைத் ‘தவறு’ என்று ஒதுக்குவோர் பெரும்பாலும் ஆசிரியரின் மறுப்பையே சான்றாகக் காட்டுவர். இலக்கிய ஆய்வில் அது போதிய சான்று ஆகாது. ஆசிரியரின் நோக்கத்தைக் கடந்து பொருள் கொள்ளும் உரிமையை மற்ற இடங்களிலெல்லாம் ஏற்றுக்கொள்ளும் நாம், நமக்கு உவப்பில்லாத வாசிப்புக்கு மட்டும் அதனை மறுத்தல் முறையாகாது. பனுவல்களின் வழியாகவே அவ்வாசிப்பை மதிப்பிட வேண்டும்.

கூற்றிலிருந்து பிரிந்த வாசகம்

தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்தில் உவமை மட்டுமே வெளிப்பட நிற்கும். பொருளைக் கேட்போர் உய்த்துணர்வர். ஆயினும் அவ்வுய்த்துணர்வு வரம்பற்றதன்று. கூற்று யாருடையது, எவரை நோக்கியது, எந்தத் திணையில் எந்தச் சூழலில் நிகழ்கிறது என்பவை பொருளுக்கு எல்லை வகுக்கின்றன. கூற்றை நீக்கிவிட்டால் உள்ளுறை எப்பொருளையும் ஏற்கும் வெற்றுக் கலமாகிவிடும்.

ஹார்ட்டன் கதைக்கு நேர்ந்தது இதுவே. கெய்செல் 1953இல் ஜப்பானுக்குச் சென்றுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்களை வரைந்திருந்த அவர், இந்நூலைக் கியோட்டோவைச் சேர்ந்த மிட்சுகி நக்கமுரா என்பவருக்குக் காணிக்கையாக்கினார். எனவே வல்லரசு ஒன்றின் நிழலில் வாழ்ந்த மக்களின் குரல் இக்கதைக்கு முதல் உள்ளுறையாக இருந்ததென்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அமெரிக்காவில் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு 1973இல் வந்தது. அதற்குப்பின் ஹார்ட்டனின் கூற்று சூழலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி வாசகமாயிற்று. துகளின் இடத்தில் கரு அமர்ந்தது.

இவ்விடமாற்றம் முற்றிலும் வலிந்து செய்யப்பட்டதன்று. சான்று முழுமையாகக் கிடைப்பதற்கு முன்பே காக்கத் தொடங்குகிறது யானை. கேளாதவர் தம் செவியின் எல்லையை உலகின் எல்லையாகக் கொள்ளலாகாது என்பது கதையின் நடுநாயகமான அறம். கருவின் ஆள்தன்மை ஐயத்திற்குரியதாயின் அவ்வையத்தின் பயனைக் கருவுக்கே வழங்குக என்னும் எதிர்ப்பாளரின் வாதம் இவ்வறத்தோடு உண்மையாகவே ஒத்துச்செல்கிறது. இதனை ஒப்புக்கொண்ட பின்னரே மேலே செல்ல இயலும்.

அசைவூட்டத்தின் கண்ணும் மேடையின் உடலும்

1970இல் சக் ஜோன்ஸ் இயக்கிய தொலைக்காட்சி அசைவூட்டப் படம், பார்வையாளரைத் துகளுக்குள்ளேயே அழைத்துச் செல்கிறது. ஹூக்கள் நடமாடுவதையும் பேசுவதையும் நாம் நேரே காண்கிறோம். ஆதலால் யானை சொல்வது உண்மையா என்னும் ஐயம் நமக்கு எழுவதேயில்லை; கங்காருவின் அறியாமை மட்டுமே எஞ்சுகிறது.

இக்காட்சிமுறை கருக்கலைப்பு விவாதத்தின் காட்சிப்பண்பாட்டோடு நெருங்கியது. 1965இல் லைஃப் இதழில் வெளியான லென்னார்ட் நில்சனின் ஒளிப்படங்கள் கருவை வெளியில் தனித்து மிதக்கும் உருவமாகக் காட்டின. 1984இல் வந்த ‘மௌன ஓலம்’ என்னும் எதிர்ப்புப் படம் மீயொலிக் காட்சியைச் சான்றாக்கியது. இவை பற்றி 1987இல் எழுதிய ரோசலிண்ட் பெட்செஸ்கி, கரு தெளிவாகத் தெரியத்தெரியப் பெண்ணின் உடல் பின்புலமாக மங்கி மறைகிறது என்று சுட்டினார். துகளுக்குள் நுழையும் அசைவூட்டக் கண்ணுக்கும் இது பொருந்தும். துகள் தங்கும் க்ளோவர் மலருக்குப் பெயரில்லை, விருப்பமில்லை, வலியில்லை. சுமப்பது வெறும் மலராக இருக்கும்வரை சுமப்பவரைப் பற்றிய வினா எழாது.

நூலில் வயிற்றுப்பையில் குட்டியைச் சுமந்து நிற்கும் ஒரே தாய் கங்காருதான் என்பதும் நோக்கத்தக்கது. தன் குட்டியை உடலோடு வைத்திருக்கும் அதுவே பிற சிற்றுயிர்களை மறுக்கும் எதிர்மாந்தராகிறது. சுமக்கும் உடல் கதைக்குள் வரும் ஒரே இடத்தில் அது குற்றஞ்சாட்டப்படும் இடத்தில் நிற்கிறது.

லின் ஆரென்ஸ், ஸ்டீஃபன் ஃப்ளாஹெர்ட்டி இணையரின் ‘சூசிகல்’ 2000ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பிராட்வேயில் அரங்கேறி, 198 நிகழ்ச்சிகளோடு 2001 மே மாதத்தில் முடிவுற்றது. இதன் மூலம் சூஸின் நூல்களே. எனினும் இது இணைக்கும் ஹார்ட்டன் கதைகள் இரண்டும் அதற்கு முன்பே அசைவூட்டம் பெற்றவை. 1940இல் வந்த ‘ஹார்ட்டன் முட்டையை அடைகாக்கிறது’ நூலை 1942இலேயே வார்னர் நிறுவனத்துக்காக பாப் கிளாம்பெட் படமாக்கியிருந்தார்.

மேடையால் உருவத்தைச் சுருக்க முடியாது. ஹூக்களாக வருபவர்கள் யானையாக வருபவரை ஒத்த உயரமுள்ள மாந்தரே. அவர்கள் பாடுகின்றனர், ஆடுகின்றனர், தம் மகனைப் பற்றிக் கவலைப்படுகின்றனர். இங்கு ஆள்தன்மை கண்முன் நிற்கிறது. சிறுமையையே பார்வையாளர் கற்பனை செய்துகொள்ள வேண்டியுள்ளது. கருக்கலைப்பு எதிர்ப்பு வாசகத்தில் நிலைமை தலைகீழானது. அங்கே சிறுமை கண்கூடு; ஆள்தன்மையே வாதித்து நிறுவப்பட வேண்டியது. 1973இல் மேரி ஆன் வாரன் ஆள்தன்மைக்கு அடையாளங்களாக உணர்வு, பகுத்தறிவு, தற்செயற்பாடு, தொடர்பாடல், தன்னுணர்வு ஆகியவற்றை முன்வைத்தார். ஹூக்கள் இவை அனைத்தும் உடையவர்கள். தம் இருப்பைத் தாமே கூவி அறிவித்துத்தான் அவர்கள் பிழைக்கின்றனர். ஆகவே துகளுக்கும் கருவுக்கும் இடையேயான ஒப்புமை, நிறுவ வேண்டியதை முன்னரே நிறுவப்பட்டதாகக் கொள்கிறது.

இதற்கு எதிர்ப்பாளர் தரப்பில் விடையில்லாமலில்லை. 1989இல் டான் மார்க்விஸ் ஆள்தன்மை பற்றிய வினாவையே விலக்கிவிட்டு, நம்முடையதைப் போன்றதோர் எதிர்காலத்தை இழக்கச்செய்வதே கொலையின் தீமை என்று வாதித்தார். அவ்வாதத்திற்கு ஹூக்கள் தேவையில்லை. ஆனால் அதனைத் தாங்கும் ஒரு கதை சூசிகலிலேயே உண்டு: முட்டையின் கதை.

முட்டையின் அறம்

மேய்சி என்னும் பறவை தன் முட்டையை அடைகாக்கச் சலித்து, சற்றுநேரம் அமரும்படி ஹார்ட்டனைக் கேட்டுவிட்டுப் பறந்துபோகிறது. யானை வாக்களிக்கிறது, மழையிலும் பனியிலும் மரத்தின்மீது அமர்ந்திருக்கிறது. முட்டைக்குள் இருப்பது பேசவில்லை; தன் இருப்பை அறிவிக்கவுமில்லை. அதற்கு எதிர்காலம் மட்டுமே உண்டு. கருவோடு ஒப்பிடத்தக்கது துகளைக் காட்டிலும் இதுவே. இயக்கத்தினர் துகளைத் தேர்ந்து முட்டையை விட்டது ஏன்?

முட்டையின் கதையில் சுமத்தல் உழைப்பாகத் தெரிகிறது என்பதே விடையெனத் தோன்றுகிறது. குளிர், ஏளனம், சிறைப்பாடு ஆகிய அனைத்தையும் உடலால் தாங்குகிறது யானை. மேலும் அதன் கடமை அதுவே அளித்த வாக்கிலிருந்து பிறக்கிறது. 1971இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன், கருவை ஆளாகவே கொண்டாலும் பிறர் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது என்று வாதிட்டார். ஹார்ட்டனின் தவம் அவ்வுரிமையை மனமுவந்து வழங்கிய ஒருவரின் தவம். அதனால்தான் அது போற்றப்படுகிறது. வற்புறுத்தி அமர்த்தப்பட்ட யானையாயின் கதை வேறாகியிருக்கும்.

மூலநூலில் குஞ்சு வெளிவரும் தறுவாயில் மேய்சி திரும்பிவந்து முட்டைக்கு உரிமை கோரும், ஏமாந்தும் போகும். சூசிகல் இதனை மாற்றுகிறது. மேய்சி முட்டையை யானைக்கே விட்டுக்கொடுக்கிறது. குறையுள்ளவள் தன் இயலாமையை அறிந்து செய்யும் செயலாக அது அமைகிறது. கருக்கலைப்புக்கு மாற்றாகத் தத்துக்கொடுத்தலை முன்வைப்போர் இங்கே தம் கருத்தைக் காண்பது நியாயமே. ஆயினும் பறவையின் கரு உடலுக்கு வெளியே இருப்பதாலேயே இக்கைமாற்றம் இயலுகிறது. பெண்ணின் கருப்பையை மரக்கிளைக்கு மாற்ற முடியாது. இக்கதையின் மகிழ்ச்சியான முடிவு அந்த ஓர் உடலியல் வேறுபாட்டின் மீது நிற்கிறது.

முடிவில் பிறக்கும் யானைப்பறவையைக் கண்டு ஹார்ட்டன் அஞ்சுகிறது. வானத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சிறகுள்ள கெர்ட்ரூட் உடன் வளர்க்க முன்வருகிறது. உயிரைக் காத்தல் பிறப்போடு முடிவதில்லை என்பதை இசைநாடகம் சொல்லாமல் சொல்கிறது.

மீட்பவன் உடைமையாளனாகும்போது

‘நோட்ரடாமின் கூனன்’ இதன் இருண்ட மறுபக்கம். 1831இல் வந்த விக்டர் ஹ்யூகோவின் நாவலில், கைவிடப்பட்ட ஊனக் குழந்தையை ஃப்ரோலோ இரக்கத்தால் எடுத்து வளர்க்கிறான். 1996ஆம் ஆண்டின் டிஸ்னி படத்தில் குழந்தையின் தாய் தேவாலயப் படிகளில் அவனாலேயே இறக்கிறாள். குழந்தையைக் கிணற்றில் எறிய முற்படும் அவனைத் தலைமைக் குரு தடுக்கிறார். தண்டனைக்கு அஞ்சியே அவன் வளர்க்கிறான். இப்படத்திலிருந்து 1999இல் பெர்லினில் இசைநாடகம் உருவாயிற்று. 2014இல் லா ஹோயாவில் மேடையேறிய அமெரிக்க வடிவத்தில் குழந்தை அவனுடைய தம்பி ஜெஹானின் மகன். கொல்ல எண்ணிய ஃப்ரோலோ, அதனை இறைவன் தந்த சோதனையாகக் கொண்டு ஏற்கிறான்.

இரக்கம், அச்சம், கடன் என மீட்பின் காரணம் வடிவந்தோறும் மாறுகிறது. ஊனத்தின் பெயரால் ஓர் உயிர் மறுக்கப்படலாகாது என்னும் அறம் மாறுவதில்லை. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அட்ரியன் ஆஷ், ஊனத்தைக் காரணமாகக் கொண்ட தேர்வுக் கருக்கலைப்பைக் கடுமையாக விமரிசித்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். இவ்வறம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் மேடை வடிவம் அடுத்த வினாவையும் எழுப்புகிறது. உயிரளித்தேன் என்னும் காரணத்தால் ஃப்ரோலோ அவ்வுயிரின் உடைமையாளனாகிறான். மணிக்கூண்டில் அடைத்து வைக்கிறான். மீட்பு ஆதிக்கத்தின் முதலீடாகிறது. ஹார்ட்டன் கேட்கிறது, ஃப்ரோலோ கேட்பதில்லை. இருவரும் உயிரைக் காத்தவர்களே.

முடிவுரை

கருக்கலைப்பு எதிர்ப்பு வாசிப்பு ஹார்ட்டன் கதையில் உள்ள உண்மையான அறமொன்றைப் பற்றிக்கொண்டுள்ளது. அது வெறும் அபகரிப்பன்று. எனினும் அவ்வாசிப்பு துகளின் கதையை முட்டையின் கதையிலிருந்து பிரித்தால்தான் முழுமை பெறுகிறது. சூசிகல் அவ்விரண்டையும் ஒரே யானையின் வாழ்வாகப் பின்னியதால் சுமப்பவரின் ஒப்புதல், உழைப்பு, இயலாமை ஆகியன மேடைக்கு வந்துவிடுகின்றன. உரிமைத் தரப்பினரும் ஆசிரியரின் மறுப்பின் பின்னே ஒதுங்காமல், கேளாத குரலுக்குச் செவிகொடுக்கச் சொல்லும் கதையின் கோரிக்கையை எதிர்கொள்ள வேண்டியவர்களே.

2022இல் ‘டாப்ஸ்’ தீர்ப்பு ரோ தீர்ப்பை நீக்கியபின் இவ்விவாதம் அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றங்களில் தொடர்கிறது. அங்கு இக்கதை மீண்டும் வாசகமாக எழும்போது, அதனைக் கூற்றோடு சேர்த்துப் படிப்பது திறனாய்வின் கடன். மூன்று கதைகளிலும் தாய் இல்லை: ஒன்றில் மலர், ஒன்றில் பறந்துபோனவள், ஒன்றில் இறந்தவள். இக்கதைகளைப் பெண்ணின் மீதான தீர்ப்பாக்குவோர், அவள் குரல் இவற்றில் எங்கே கேட்கிறது என்பதை முதலில் காட்ட வேண்டும்.